எழுந்து கொடுத்த இடம்

கூடைப்பந்து உலகத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பையனைக் காட்டி, "இவன் தலைமுறைக்கு ஒருவன்" என்று சொல்லிவிடுகிறார்கள். 2002 பிப்ரவரியில், ஓஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 17 வயது லெப்ரான் ஜேம்ஸின் படம் அமெரிக்காவின் பெரிய விளையாட்டு இதழ் ஒன்றின் அட்டையில் வந்தது. அந்த வயதில் தலையில் ஏற்றிய பாரத்தை அவர் இறக்கி வைக்கவே இல்லை. 2023 பிப்ரவரி 7 அன்று கரீம் அப்துல் ஜப்பாரின் 38,387 புள்ளிகள் என்ற சாதனையையும் தாண்டிப் போனார். ஆனால் அதே வாழ்த்தை வாங்கிய எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. 2007-ல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் கிரெக் ஓடன். முழங்கால் திரும்பத் திரும்பக் கைவிட்டதால் வழக்கமான சீசன் ஆட்டங்களில் அவர் களமிறங்க முடிந்தது மொத்தம் 105 முறைதான். அதே நாளில் அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவர் கெவின் டுரான்ட்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2014 தேர்வில் செர்பியாவின் சோம்போர் ஊரைச் சேர்ந்த நிகோலா யோகிச் 41-வது ஆளாக எடுக்கப்பட்டார். அவர் பெயர் அறிவிக்கப்பட்ட நேரத்தில் தொலைக்காட்சியில் தின்பண்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. திரையின் அடியில் ஒரு வரியாக அந்தப் பெயர் வந்து போனது. அவ்வளவாகத் துள்ளாத, கொஞ்சம் பருத்த உடம்பு. அந்த உடம்போடு அவர் 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 2023-ல் டென்வர் அணிக்கு அதன் முதல் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார்.

கை நீளத்தையும் குதிக்கும் உயரத்தையும் அங்குலக் கணக்கில் அளந்து பார்க்கிற பெரியவர்களின் கண்ணே இப்படித் தவறுகிறதென்றால், நாம் எதை வைத்துச் சொல்வது?

பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தே வயதானவன் நான். "பையன் பத்தாவதுலயே ஆறடியத் தாண்டிட்டான் சார், பெரிய ஆளா வருவானா?" என்று கேட்டுக்கொண்டு வரும் தகப்பன்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆசையோடு கேட்கிறவரிடம் விட்டேற்றியாகப் பதில் சொல்லக் கூடாது. உயரம் பெரிய வரம்தான், மறுக்க முடியாது. ரிங் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. குட்டையானவனுக்காக அது ஒருநாளும் இறங்கி வராது. ஆனால் உயரமான பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் ஒரு காலத்துக்கே பேர் சொல்லும் ஆட்டக்காரனாக ஆவதற்கு வேறு ஒன்று வேண்டும். அது என்ன என்று நெடுங்காலம் யோசித்து நான் கண்டதைச் சொல்கிறேன். மூத்தவர் விட்டுத்தரும் இடத்தில் அடக்கத்தோடும் துணிவோடும் போய் உட்காரத் தெரிய வேண்டும். தன் முறை வரும்போது அதே இடத்தை இளையவருக்கு மனம் கசக்காமல் விட்டுத்தரவும் தெரிய வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் ஆண்டுகளில்தான் கோப்பைகள் வருகின்றன.

இதை நான் டிம் டங்கனைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

டங்கன் பிறந்தது 1976 ஏப்ரல் 25, கரீபியன் கடலில் அமெரிக்காவுக்குச் சொந்தமான வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயில். தாயார் மருத்துவச்சி, தகப்பனார் கொத்தனார். பையன் முதலில் பந்தைத் தொடவே இல்லை, நீச்சல்காரன். அக்காள் ஒருத்தி 1988 சியோல் ஒலிம்பிக்கில் அந்தத் தீவுகளுக்காக நீந்தியவள். தம்பியும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தான். 1989 செப்டம்பரில் ஹியூகோ என்ற புயல் அடித்தது. தீவில் போட்டிக்கென்று இருந்த ஒரே நீச்சல்குளம் நாசமாகிவிட்டது. மற்றப் பிள்ளைகள் கடலில் பயிற்சி எடுத்தார்கள். இவனுக்குச் சுறா என்றால் பயம், கடலில் இறங்க மாட்டான். அடுத்த வசந்தத்தில் தாயார் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். மறுநாள் பையனுக்குப் பதினான்காம் பிறந்தநாள்.

அதற்குப் பிறகுதான் பந்து அவன் கைக்கு வந்தது. சொல்லிக்கொடுத்தவர் இன்னொரு அக்காளின் கணவர். அவர் உயரம் அதிகமில்லாதவர்; கல்லூரியில் ரிங்குக்கு எட்ட நின்று பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆடும் கார்டாக இருந்தவர். பையன் எவ்வளவு வளர்வான் என்று யாருக்கும் தெரியாத நேரம். தனக்குத் தெரிந்த கார்டு வித்தைகளை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பையன் பிற்பாடு 6 அடி 11 அங்குலம் வளர்ந்து நின்றபோது, உயரமானவர்களுக்கு வழக்கமாக வாய்க்காத கால் நிதானமும் பந்தைப் பிடிக்கும் நளினமும் அவனிடம் ஏற்கெனவே இருந்தன. புயல் அடித்திருக்காவிட்டால், மச்சான் குள்ளமாக இருந்திருக்காவிட்டால் என்று நினைத்துப் பார்க்கும்போது, பிறவித் திறமை என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதற்குள் எத்தனை பேருடைய கை இருக்கிறது என்று வியப்பாக இருக்கிறது.

வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அவர் ஆடிய முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. படிப்பை விட்டுவிட்டு என்.பி.ஏ.வுக்கு வந்தால் முதல் ஆளாகவே எடுத்துக்கொள்வார்கள் என்று ஊரே பேசியது. கோடிக்கணக்கில் பணம். அவர் போகவில்லை. பட்டம் வாங்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நான்கு ஆண்டும் இருந்து உளவியலில் பட்டம் வாங்கினார். படிக்கும்போது ஆசிரியர்களுடன் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரையிலும் பங்கெடுத்திருக்கிறார். தன்னைப் பற்றியே பெருமையடித்துக்கொள்பவர்களிடம் சுற்றியிருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையின் பொருள். அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மனம் நிறைந்துபோனது. அடுத்த 19 ஆண்டுகள் அவர் எப்படி நடந்துகொள்ளப் போகிறார் என்பதற்கு அதைவிட நல்ல முன்னுரை கிடைக்குமா?

இனி டேவிட் ராபின்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைச் சொல்லாமல் டங்கனைச் சொன்னால் பாதிக் கதைதான்.

ராபின்சன் கடற்படைக் கல்லூரியில் படித்தவர். 1987-ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி அவரை முதல் ஆளாக எடுத்தும், கடற்படையில் இரண்டாண்டு பணியை முடித்துவிட்டு 1989-ல்தான் ஆட வந்தார். அதனால் அவருக்கு அட்மிரல் என்றே பட்டப்பெயர். 7 அடி 1 அங்குலம். ஒரே ஆட்டத்தில் 71 புள்ளிகள் எடுத்தவர். 1995-ல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். ஆனால் கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. 1996-97 சீசனில் அவருக்கு முதலில் முதுகும் பிறகு காலும் போயின. ஆடியது ஆறு ஆட்டம். முந்தைய ஆண்டு 59 ஆட்டங்களில் வென்ற அணி அந்த ஆண்டு வென்றது 20 மட்டுமே. தோற்ற அணிகளுக்குள் குலுக்கல் போட்டு முதல் தேர்வு யாருக்கு என்று முடிவு செய்வது அங்கே வழக்கம். அந்த ஆண்டு பாஸ்டன் அணிக்குத்தான் வாய்ப்பு அதிகமாக இருந்தது. குலுக்கலில் விழுந்தது சான் அன்டோனியோவின் பெயர். ஒருவர் கால் முறிந்ததால் இன்னொருவர் வந்து சேர்ந்தார். இதில் யாருடைய சாமர்த்தியமும் இல்லை. நேரம் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதுதான்.

இந்த இடத்தில் நீங்கள் ராபின்சனாக இருந்து பாருங்கள். அணி உங்களுடையது. ஊர் உங்களுடையது. எட்டு ஆண்டு உழைப்பு. இன்னும் கோப்பை வரவில்லை. அந்த நேரத்தில் உங்கள் வேலையையே செய்யக்கூடிய, உங்களைவிட இளைய, ஒருவேளை உங்களைவிடத் தேர்ந்த ஒரு பையன் வந்து நிற்கிறான். அலுவலகங்களில் இப்படி ஒருவன் வந்தால் மூத்தவர்கள் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். கோப்புகளை அவன் கண்ணில் படாமல் வைப்பார்கள். முக்கியமான கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். ராபின்சன் அந்தக் கோடையில் டங்கனைக் கொலராடோவுக்கு அழைத்து, சேர்ந்து பயிற்சி எடுத்தார். 1995-96-ல் ஆட்டத்துக்கு 25 புள்ளிகள் எடுத்துக்கொண்டிருந்தவர், 1998-99-ல் 15.8-க்கு இறங்கினார். பந்து இனி டங்கனிடம் போகட்டும். நான் தடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன், அவன் தவறவிட்டால் எடுத்துக் கொடுக்கிறேன் என்று தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார். கூட்டுக்குடும்பத்தில் மாமியார் இடுப்பில் செருகிய சாவிக்கொத்தை எடுத்து மருமகள் கையில் கொடுப்பதற்கு எவ்வளவு மனசு வேண்டுமோ, அவ்வளவு மனசு இதற்கும் வேண்டும். அந்த 1999-லேயே ஸ்பர்ஸ் முதல் கோப்பையை வாங்கியது. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது 23 வயது டங்கனுக்குப் போனது. ராபின்சனுக்குப் பத்தாண்டு காத்திருந்த கோப்பை கிடைத்தது.

டங்கனின் ஆட்டத்தை இளைஞர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். கைப்பேசியில் ஓடும் முப்பது விநாடிக் காட்சிகளுக்கு ஏற்ற ஆட்டம் இல்லை அது. ரிங்குக்கு இடதுபுறம், கட்டத்தின் ஓரத்தில், எதிராளிக்கு முதுகைக் காட்டி நிற்பார். பந்து வரும். நிதானமாகத் திரும்பி ரிங்கைப் பார்ப்பார். பந்தைத் தலைக்கு மேலே கொண்டுபோகாமல் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரு காலை அரையடி முன்னால் வைத்து எடுப்பார். எதிராளி அந்தக் காலுக்கு ஏமாந்து பின்வாங்கினால் உடனே பந்து கிளம்பும், ஏமாறாவிட்டாலும் கிளம்பும். நேராக ரிங்குக்குப் போகாது. போர்டில் வரைந்திருக்கும் சின்னச் சதுரத்தின் மேல் மூலையில் மெல்லப் பட்டு, சாய்ந்து, உள்ளே விழும். பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: "போர்டுல அடிச்சுப் போடு." அப்படிப் போடுவது சின்னப் பிள்ளை வேலை என்று ஒரு வருடத்தில் விட்டுவிடுவார்கள். டங்கன் அதையே 40 வயது வரை செய்தார். பக்கவாட்டில் நிற்கும்போது ரிங்கின் வாயைவிடப் போர்டின் சதுரம் பெரிய இலக்கு. கை ஒரு நூல் பிசகினாலும் மன்னிக்கும். அவர் கற்றுக்கொண்டது அந்தக் கணக்கை. தினமும் ஒரே கோணத்தில் அடித்துக் கை அதற்குப் பழகியிருந்தது. புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்காமல், எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை யாராலும் முடியாத அளவுக்குச் செய்தார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அணியின் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் வாயைத் திறந்தால் கட்டிடம் அதிரும். அணியிலேயே பெரிய ஆட்டக்காரரான டங்கனை எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டுவார். டங்கன் அந்தப் பெரிய கண்களால் பார்த்துக்கொண்டு நின்று கேட்பார். எதிர்த்துப் பேச மாட்டார், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் மாட்டார். வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருக்கும் புதுப் பையன் இதைப் பார்ப்பான். அவருக்கே இந்தத் திட்டு என்றால் எனக்கு விழுவதில் என்ன குறை என்று நினைப்பான். பெரியவர் ஒருவர் கண்டிப்பை ஏற்றுக்கொண்டால், அந்த வீட்டில் மற்ற யாரையும் தனியாகக் கண்டிக்க வேண்டியிருக்காது. பாப்போவிச் பின்னாளில் என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் ஆனார். டங்கன் இல்லாவிட்டால் தான் இங்கே நின்றிருக்க முடியாது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அடக்கம் என்றால் பின்வாங்கி நிற்பது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2003 ஜூன் 15, நியூ ஜெர்சி அணியுடன் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம். வென்றால் கோப்பை. ஓய்வு பெறப்போகும் ராபின்சனுக்கு வாழ்க்கையின் கடைசி ஆட்டம் அதுவாகவே இருக்கும். டங்கன் அன்று 21 புள்ளிகள் எடுத்தார், ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, 20 முறை பிடித்தார், 10 முறை பிறருக்குப் பந்து கொடுத்துப் புள்ளி எடுக்கவைத்தார், எதிராளிகள் வீசிய எட்டுப் பந்துகளைத் தடுத்தார். மூத்தவரைக் கோப்பையோடு வழியனுப்புவதற்காக ஓர் இளையவர் இப்படி ஆடியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ராபின்சனும் சும்மா நிற்கவில்லை. 37 வயதில் 17 ரீபவுண்ட் பிடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

அதன் பிறகு டங்கனின் முறை. பிரான்ஸிலிருந்து வந்த டோனி பார்க்கர் வளர்ந்தார். 2007 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். 1999 தேர்வில் 57-வது ஆளாக எடுக்கப்பட்ட அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி, எந்த அணியிலும் முதல் ஐவரில் ஆடக்கூடியவர், இங்கே அணிக்காகப் பெஞ்சிலிருந்து எழுந்து வர ஒப்புக்கொண்டார். 2012-ல் டங்கன் தன் சம்பளத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அணிகள் சம்பளத்துக்குச் செலவிடுவதற்கு அங்கே ஒரு வரம்பு உண்டு. ஒருவர் குறைவாக வாங்கினால் இன்னும் இரண்டு நல்ல ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ள முடியும். தியாகம் என்று இதை யாரும் மேடை போட்டுச் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

2013-ல் பெரிய அடி விழுந்தது. மயாமி அணியுடன் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம், முடிய 28 விநாடி இருக்கையில் ஐந்து புள்ளி முன்னிலை. கோப்பையைக் கொண்டுவந்து ஓரத்தில் வைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. 5.2 விநாடி இருக்கும்போது ரே ஆலன் எட்ட நின்று போட்ட மூன்று புள்ளிப் பந்து ஆட்டத்தைச் சமமாக்கியது; ஸ்பர்ஸ் தோற்றது. ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ரிங்குக்குப் பக்கத்தில் நின்று, தன் வாழ்நாளெல்லாம் போட்ட மாதிரியான ஒரு பந்தை டங்கன் தவறவிட்டார். குனிந்து இரண்டு கைகளாலும் தரையில் ஓங்கி அடித்தார். உணர்ச்சியே காட்டாதவர் என்று பேர் வாங்கியவரின் அந்த அடியைப் பார்த்தபோது என் நெஞ்சு பிசைந்தது. 37 வயது. இனி எங்கே வரப்போகிறது இன்னொரு வாய்ப்பு என்று நான் உட்பட எல்லாரும் நினைத்தோம்.

அடுத்த ஆண்டே வந்தது. அதே மயாமி. அந்த 2013-14 சீசனில் ஸ்பர்ஸ் அணியில் ஒருவர்கூடச் சராசரியாக ஆட்டத்துக்கு 30 நிமிடம் ஆடவில்லை. பிரான்ஸ், அர்ஜென்டினா, பிரேசில், ஆஸ்திரேலியா, இத்தாலி, கனடா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பந்து ஒருவர் கையிலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. நல்ல வாய்ப்பு இருப்பவன் இன்னும் நல்ல வாய்ப்பு இருப்பவனுக்குக் கொடுத்தான். நான்குக்கு ஒன்று என்று வென்றார்கள். இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர், 22 வயது கவாய் லெனார்ட். பதினைந்து ஆண்டுக்கு முன் ராபின்சன் நின்ற இடத்தில் இப்போது டங்கன் நின்றார். இரண்டு பேரையும் பார்த்த கண்ணுக்கு அது எவ்வளவு பெரிய பாக்கியம்!

ஜோர்டனைச் சொல்லாமல் இதெல்லாம் என்ன பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். மைக்கேல் ஜோர்டனைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கும் முதல் கோப்பை ஏழாவது சீசனில்தான் கிடைத்தது. அதுவரை புள்ளிகள் குவிந்தன, டெட்ராய்ட் அணியோ 1988, 1989, 1990 என்று வரிசையாக வழிமறித்தது. 1991 இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் இரண்டு பேர் தன்னைச் சூழ்ந்தபோதெல்லாம் ஆளில்லாமல் நின்ற ஜான் பாக்சனுக்குப் பந்தைத் தந்தார். பாக்சன் போட்டுக்கொண்டே இருந்தார், கோப்பை வந்தது. அணித்தோழர் ஸ்டீவ் கெர் விஷயம் இன்னும் ஆழமானது. 1995-ல் பயிற்சியின்போது வாக்குவாதம் முற்றி ஜோர்டன் கெரின் முகத்தில் குத்திவிட்டார். அன்றே தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். 1997 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம் சமநிலையில் நின்றபோது, கடைசிப் பந்தை ஜோர்டன் தான் போடாமல் அதே கெரிடம் கொடுத்தார். கெர் போட்டார். குத்திய கையே பந்தைக் கொடுத்தது என்றால், அந்தக் கை நடுவில் எவ்வளவு கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தக் கெர் பிறகு ஸ்பர்ஸுக்கு வந்து, டங்கன் பக்கத்தில் நின்று 1999, 2003 இரண்டு கோப்பைகளையும் வாங்கினார். 2014-ல் கோல்டன் ஸ்டேட் அணியின் பயிற்சியாளரானார். அங்கே இருந்தவர் ஸ்டீஃபன் கரி. பள்ளி நாட்களில் உடம்பில் வலுவில்லாததால் இடுப்பிலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த பையனுக்கு, முன்னாள் என்.பி.ஏ. ஆட்டக்காரரான தகப்பனார் ஒரு கோடை முழுக்க அந்தப் பழக்கத்தை உடைத்து, தலைக்கு மேலிருந்து போடக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கோடையில் ரிங்குக்குப் பக்கத்திலிருந்து மட்டுமே அவனால் பந்தைப் போட முடிந்தது. அப்படி வளர்ந்தவர் 2015-16 சீசனில் 402 மூன்று புள்ளிப் பந்துகளைப் போட்டார். அதற்கு முந்தைய சாதனை அவருடையதே, 286. இன்று உலகத்தில் எந்த மைதானத்துக்குப் போனாலும் சின்னப் பிள்ளைகள் எட்ட நின்றுதான் எறிகிறார்கள். ஆட்டத்தையே மாற்றியவர் என்பதற்காக மட்டும் நான் கரியை மதிக்கவில்லை. இரண்டு முறை மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய பிறகு, 2016-ல் கெவின் டுரான்ட் அணிக்கு வர அவர் மனம் ஒப்பினார். அடுத்த இரண்டு கோப்பைகளிலும் இறுதிச் சுற்று விருது டுரான்டுக்குப் போனது. கரி கைதட்டினார். அவருக்கு அந்த விருது 2022-ல், 34 வயதில் கிடைத்தது.

இதற்கெல்லாம் மூலவர் பில் ரஸல். 1962-ல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்த வில்ட் சேம்பர்லின் அவர் காலத்தவர். உடல்பலத்தில் சேம்பர்லினுக்கு இணையே கிடையாது. ரஸல் 13 சீசனில் 11 கோப்பை வாங்கினார், சேம்பர்லின் வாங்கியது இரண்டு. தன்னோடு ஆடியவர்கள் எவ்வளவு நன்றாக ஆடினார்கள் என்பதை வைத்தே தன்னை அளந்துகொண்டவர் ரஸல். இறுதிச் சுற்று விருதுக்கு இன்று அவர் பெயரை வைத்திருப்பது பொருத்தமே.

ஆகவே, பையனைக் கூட்டிக்கொண்டு வரும் தகப்பன்மாருக்குச் சொல்கிறேன். உங்கள் பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தான் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அவன் பந்தைத் தவறவிட்டதும் யாரைப் பார்க்கிறான் என்று பாருங்கள். கூட ஆடுபவனை முறைக்கிறானா, நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறானா, திரும்பித் தடுக்க ஓடுகிறானா? அணியிலேயே குட்டையான, பயந்த பையன் இவன் பக்கத்தில் நிற்கும்போது துணிந்து பந்தைப் போடுகிறானா என்று பாருங்கள். போடுகிறான் என்றால், உங்கள் பிள்ளையிடம் ஏதோ இருக்கிறது. அவன் பெரிய அணிக்குப் போகாவிட்டாலும் அது வீண்போகாது. ஆசிரியர் திட்டும்போது குறுக்கே வந்து பரிந்து பேசாதீர்கள். உடம்பு வளர்வதற்குள் ஆட்டமாக ஆடவைத்து முழங்காலைக் கெடுத்துவிடாதீர்கள். பிள்ளை உங்கள் பெருமைக்காகப் பிறந்தவன் இல்லை. பத்திரிகையில் படம் வந்தால் வெட்டி வையுங்கள், ஆனால் அவன் கண்ணில் படும்படி மாட்டாதீர்கள்.

2016-ல் கோபி பிரையன்ட் ஊர் ஊராக விடைபெற்று, கடைசி ஆட்டத்தில் 60 புள்ளிகள் எடுத்து விழாவோடு போனார். அது அவருக்கு அழகு. டங்கன் அதே ஆண்டு ஜூலை 11 அன்று, அணி வெளியிட்ட ஓர் அறிக்கையோடு விலகிக்கொண்டார். விழா இல்லை, பேட்டி இல்லை. அவர் இருந்த 19 சீசனிலும் ஸ்பர்ஸ் அணி ஒரு முறைகூட நாக்அவுட் சுற்றுக்குப் போகாமல் இருந்ததில்லை. பிறகு 2019-ல் ஓராண்டு பாப்போவிச்சுக்கு உதவிப் பயிற்சியாளராக வந்து, பெஞ்சில் இளையவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 2021 மே மாதம் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோது, வழக்கப்படி மேடையில் பக்கத்தில் நிற்க ஒரு மூத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அவர் அழைத்தது டேவிட் ராபின்சனை.

இப்போது அதே சான் அன்டோனியோவில் விக்டர் வெம்பன்யாமா இருக்கிறார். பிரான்ஸ்காரர், 2004-ல் பிறந்தவர். 2.24 மீட்டர் உயரம். கார்டு மாதிரி பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார். 2023-ல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். மறுபடியும் குலுக்கல், மறுபடியும் அந்த ஊர். வந்த சில நாளில் ராபின்சன், டங்கன், ஜினோபிலி எல்லாரோடும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுக விருது வாங்கினார். வாக்களித்தவர்களில் ஒருவர்கூட வேறு பெயரை எழுதவில்லை. 2025 பிப்ரவரியில் தோளில் ரத்தம் உறைந்து, அந்த சீசனின் மிச்ச ஆட்டங்களை இழந்தார். தலைமுறைக்கு ஒருவர் என்று அவரையும் சொல்லிவிட்டார்கள். அவர் தடுக்கும் பந்துகளைப் பார்க்கும்போது எனக்கும் அப்படிச் சொல்ல வாய் வரத்தான் செய்கிறது. ஆனால் அவர் பக்கத்தில் இன்னும் இரண்டு இளைஞர்கள் இருக்கிறார்கள். 2024-ல் வந்த ஸ்டீஃபன் கேஸில், 2025-ல் வந்த டிலன் ஹார்ப்பர். பந்தை அவர்களிடமிருந்து வாங்கியதும் வெம்பன்யாமா என்ன செய்கிறார், அது அவர்களிடம் எப்போது திரும்பிப் போகிறது என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.